திங்கட்கிழமைத் துரு

லேத் மெஷினுக்கு உடம்பு சரியில்லை என்றால் அது வாய் திறந்து சொல்லாது. அதில் கடைந்த சாமானை வாங்கிக்கொண்டு போனவர்தான் திரும்பி வந்து சொல்லுவார், அதுவும் நாலு பேர் கேட்கிற மாதிரி சொல்லுவார். அப்புறம்தான் என்னைக் கூப்பிடுவார்கள்.

லேத்தின் நகரும் பாகங்களைப் பார்த்துக்கொள்வது என் தொழில். மோட்டார் எரிந்தால் அதற்கு வேறு ஆள். லேத்தில் இரும்பு சுற்றும், அதைச் சீவுகிற உளி நகரும். நீளமான தண்டவாளம் மாதிரி இருப்பது பெட். அதன் மேல் உளியைத் தாங்கிக்கொண்டு போய் வருவது சாடில். சாடிலின் மேல் குறுக்கே போய் வருவது கிராஸ் ஸ்லைடு. இவை வழுக்கிக்கொண்டு போக வேண்டும், ஆனால் ஆடக் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவே தலைமுடி நுழைகிற அளவுகூட இடம் கிடையாது. பதினெட்டு வருஷமாக நான் அந்த இடத்தில்தான் குடித்தனம் நடத்துகிறேன். வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கிற வீடு சும்மா படுத்து எழுந்திருக்க.

வீட்டில் தையல் மெஷினோ கிரைண்டரோ பழுதாகி, மெக்கானிக் இன்றைக்காவது வருவாரா என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும் எல்லாருக்கும் இதை எழுதுகிறேன். மெக்கானிக்கால் நீங்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். உங்களால் மெக்கானிக் படுகிற பாட்டையும் கொஞ்சம் கேளுங்கள். யாரால் யார் பாடுபட்டார்கள் என்பது போகப் போகக் கொஞ்சம் இடம் மாறும், அதற்கு நான் பொறுப்பு.

முறுக்கி வைத்த மெஷின்

ஆற்காட்டில் ஒரு பட்டறை. கிராஸ் ஸ்லைடின் கைப்பிடியைச் சுற்றிப் பார்த்தேன், அசையவே இல்லை. அங்கே வேலை செய்கிறவர் ஒன்றரை அடி பைப்பைக் கைப்பிடியில் செருகி, இரண்டு கையாலும் இழுத்துச் சுற்றிக்கொண்டிருந்தார். ஸ்லைடின் பக்கவாட்டில் கிப் என்று ஒரு மெல்லிய இரும்புப் பட்டை இருக்கும். ஸ்லைடு தேயத் தேய, ஸ்குரூவைத் திருப்பி அந்தப் பட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாக நெருக்கிக் கொடுத்தால் ஆட்டம் போய்விடும். கொஞ்சம் கொஞ்சமாக என்பதுதான் இதில் விஷயமே. இவர்கள் ஸ்குரூ போகிற வரைக்கும் திருப்பி விட்டிருந்தார்கள். உள்ளே எண்ணெய் நுழைய இடமில்லை. இரும்பும் இரும்பும் கடித்துக்கொண்டு, கழற்றிப் பார்த்தபோது பட்டை முழுக்கக் கீறல்.

எனக்கு முன்கோபம் உண்டு. அதைக் கோபம் என்று சொல்லக் கூடாது, தொழில் பக்தி என்று சொல்ல வேண்டும் என்பது என் கட்சி. முதலாளியிடம் பத்து நிமிஷம் சத்தம் போட்டேன். மனிதர் நிதானமாக மக்கன் பேடா டப்பாவைத் திறந்து என் பக்கம் நகர்த்தினார். நான் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு பேச முடியாமல் நின்ற நேரம் பார்த்துச் சொன்னார்:

"லூசா வுட்டா மெஷினுக்கு வயசாய்ட்ச்சின்னு வர்ற பார்ட்டிக்குத் தெரிஞ்சிடும் சார். அதான், டை அடிச்ச மாதிரி கொஞ்சம் முறுக்கா இருக்கட்டுமேன்னு."

பாய் வைத்த எலுமிச்சம்பழம்

இனிமேல் சொல்லப் போவதெல்லாம் பெரும்பாலும் ஆம்பூரில் ஒரே பட்டறையில், ஒரே மெஷினில் நடந்தது. பட்டறை நிசார் பாயுடையது. அங்கே இரண்டு லேத். சின்னது சில்லறை வேலைக்கு. பெரியது ஒன்பதடி பெட்; டேனரிகளில் தோலைப் பிழியவும் சீவவும் வைத்திருக்கிற மெஷின்களுக்கு நீளமான ரோலர் ஷாஃப்ட் கடைவதற்கு. அந்தப் பெரிய லேத்தில் வேலை செய்பவள் தேவகி. ஐடிஐயில் டர்னர் படித்தவள். பெண்பிள்ளைக்கு யாரும் லேத் தராததால் ஒன்பது வருஷம் ஷூ கம்பெனியில் மேல்தோல் தைத்தாள். நிசார் பாய்தான் கூப்பிட்டு மெஷினைக் கொடுத்தார். நாலு வருஷமாகிறது. இதில் ஒரு சிக்கல். பட்டறை இருக்கும் இடத்தை ஒரு ஷூ கம்பெனிக்காரர் குடோனுக்குக் கேட்டு நச்சரித்துக்கொண்டிருந்தார். பெரிய லேத் ஒழுங்காக அளவு பிடிக்கிற வரைக்கும்தான் பட்டறை, இல்லாவிட்டால் மெஷினைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு இடத்தைக் கொடுத்துவிடுவேன் என்று பாய் மறைக்காமல் சொல்லியிருந்தார். அதனால் தேவகி அந்த மெஷினைக் கைப்பிள்ளை மாதிரி பார்த்துக்கொள்வாள்.

ஆயுத பூஜை முடிந்து சர்வீஸுக்குப் போனேன். பெட்டின் மேல் வட்டமாக ஒரு கறை. சாம்பல் நிறத்தில் இரும்பை அரித்திருந்தது. விசாரித்தால், பூஜைக்குப் பாயே கடைத்தெருவுக்குப் போய்ப் பொரி, கடலை, பூ, பழம் எல்லாம் வாங்கி வந்திருக்கிறார். எலுமிச்சம்பழத்தை இரண்டாக அறுத்து, குங்குமம் தடவி, மெஷினுக்கு மரியாதையாக இருக்கட்டும் என்று பெட்டின் மேலேயே கவிழ்த்து வைத்துவிட்டார். அப்புறம் மூன்று நாள் லீவு. புளிப்பு தன் வேலையைக் காட்டிவிட்டது. பழத்தைத் தரையில் வையுங்கள், பெட்டில் வைக்காதீர்கள் என்று போன வருஷமே நான் தேவகியிடம் சொல்லியிருந்தேன். தெரிந்தும் ஏன் விட்டாய் என்று குதித்தேன். அவள் பாய் காதில் விழாத மாதிரி மெதுவாகச் சொன்னாள்:

"பாய் ஆசையா வெச்சாருண்ணா. அவரு வெச்சத நான் எப்டி எடுக்கறது?"

என் கண்டுபிடிப்பு

சாடிலின் இரண்டு முனையிலும், பெட்டை ஒட்டி ஒரு துண்டுக் கம்பளி இருக்கும். வைப்பர் என்று பெயர். சாடில் நகரும்போது பெட்டில் விழுந்த இரும்புத்தூளை அது துடைத்துத் தள்ளும், எண்ணெயை மெல்லிசாகப் பூசும். வாசலில் போட்டிருக்கிற மிதியடி மாதிரிதான். மிதியடி கிழிந்தால் மண் வீட்டுக்குள் வரும். வைப்பர் கிழிந்தால் தூள் சாடிலுக்கு அடியில் போய் பெட்டை அரைக்கும். நல்ல கெட்டிக் கம்பளி வேலூரில் கிடைக்காது, சென்னையிலிருந்து வரவழைக்க வேண்டும். சொல்லி வைத்தால் கடைக்காரன் வருகிறது, வருகிறது என்பான், வராது.

அன்றைக்கு எலுமிச்சைக் கறையைச் சரிசெய்துவிட்டுப் பார்த்தால் பெரிய லேத்தின் வைப்பர் நைந்து போயிருந்தது. சட்டென்று எனக்கு ஒரு யோசனை. ஆம்பூரில் நின்றுகொண்டு கம்பளிக்குத் தவம் கிடப்பானேன்? ஷூவுக்கு வெட்டியது போக மிச்சம் விழுந்த தோல் தெரு முழுக்கக் கிடக்கிறது. நல்ல கனமான, மெத்தென்ற துண்டாகப் பார்த்து எடுத்து, பழைய வைப்பரை அதன் மேல் வைத்து வரைந்து வெட்டி, எண்ணெயில் ஊறவைத்து மாட்டினேன். பார்க்கவே லட்சணமாக இருந்தது. தேவகி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். தோலைப் பற்றி லேத் மெக்கானிக்குக்குப் பாடம் எடுக்காதே என்று அடக்கிவிட்டேன். ஒன்பது வருஷம் தோலோடு உட்கார்ந்திருந்தது அவள், நான் இல்லை. அது அப்போது என் புத்தியில் ஏறவில்லை. பாய் வந்து குனிந்து பார்த்து, ஒரு நிமிஷம் தாடியைத் தடவிக்கொண்டு நின்றார். பிறகு என் முதுகில் தட்டினார்.

"ஆம்பூர் தோலு வெளிநாட்டுக்கே போவுது. பக்கத்துல இருக்கற மெஷினுக்கு வந்தா இன்னா தப்பு தோஸ்த்!"

மழை, வேர்வை, டேனரிக் காற்று

ஒரு மாதம் கழித்துத் தேவகி போன் செய்தாள். திங்கட்கிழமை காலையில் வந்து பார்த்தால், சனிக்கிழமை சாடிலை நிறுத்திவிட்டுப் போன இடத்தில் பெட்டின் குறுக்கே சிவப்பாக ஒரு துருக்கோடு. நான் போய்ப் பார்த்தேன். முதலில் மழைக்காலம் என்றேன். அப்புறம் உன் கை வேர்வை என்றேன். அப்புறம் டேனரிக் காற்று என்றேன். மூன்றும் தீர்ந்துபோனதும் உன் அஜாக்கிரதை என்றேன். பாய் எதிரிலேயே, சின்னப் பிள்ளையை மிரட்டுகிற மாதிரி, எண்ணெய் போடாமல் பூட்டிக்கொண்டு போகிறவளுக்கு எதற்கு ஒன்பதடி மெஷின் என்றும் கேட்டேன். சனிக்கிழமை எண்ணெய் பூசிவிட்டுத்தான் போனேன் என்று அவள் இரண்டு தடவை சொன்னாள். நான் நம்பவில்லை. அதே கூரைக்கு அடியில், அதே காற்றில், பழைய கம்பளி வைப்பரோடு நின்றிருந்த சின்ன லேத்தில் ஏன் துரு இல்லை என்று நான் ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். திட்டுகிற மும்முரத்தில் அதற்கு நேரம் இல்லை.

அடுத்த தடவை போனேன், துரு இல்லை. அதற்கடுத்த தடவையும் இல்லை. பெட் கண்ணாடி மாதிரி பளபளத்தது. பார்த்தீர்களா பாய், ஒரு சத்தம் போட்டால் எல்லாம் சரியாகிவிடுகிறது என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டேன். தேவகி முகத்தைத் திருப்பிக்கொண்டு உளி தீட்டிக்கொண்டிருந்தாள். பாய் சிரித்தார்.

"நீ திட்னா துருவே பயந்துக்கினு ஓடுது தோஸ்த்."

ஐந்து ஷாஃப்ட்

மழையெல்லாம் விட்ட பிறகு ஒரு பெரிய டேனரியிலிருந்து பாய்க்கு ஒரு நல்ல சேதி வந்தது. அவர்களுடைய ரோலர் ஷாஃப்ட் எல்லாவற்றையும் வருஷம் முழுக்க இங்கேயே கொடுக்கலாம் என்றிருந்தார்கள். முதலில் சோதனைக்கு ஐந்து ஷாஃப்ட். தேவகி பார்த்துப் பார்த்துக் கடைந்து அனுப்பினாள். ஐந்தும் திரும்பி வந்தன. ஒரு முனைக்கும் மறு முனைக்கும் அளவு மாறுகிறது என்று டேனரி எஞ்சினியர் சாக்பீஸால் ஒவ்வொன்றிலும் கோடு போட்டிருந்தார்.

நான் ஓடிப் போய், ஆட்டத்தை முள்ளில் காட்டுகிற டயல் கேஜ் வைத்துப் பார்த்தேன். ஆயுத பூஜைக்கு அப்புறம் நான் கைப்பட செட் பண்ணிவிட்டுப் போன சாடில், பல் ஆடுகிற மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. பெட்டில், இரும்பைக் கவ்விச் சுற்றுகிற சக் பக்கம் கொஞ்சம் தேய்மானம், சாடிலின் அடியில் நிறைய. ஐந்தாறு வருஷத்தில் தேய வேண்டியது நாலைந்து மாதத்தில் தேய்ந்திருந்தது. எப்படி என்று எனக்கு விளங்கவில்லை, விளங்கவில்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை. பாய் டேனரிக்கு நேரில் போய், கையைப் பிடித்துக் கேட்டு, மூன்று வாரம் தவணை வாங்கி வந்தார். அதற்குள் சரியாகவில்லை என்றால் குடோன்காரருக்குச் சாவியைக் கொடுத்துவிடுவதாகவும் சொல்லிவிட்டார். கோபமாகச் சொன்னால்கூடப் பரவாயில்லை, களைப்பாகச் சொன்னார். தேவகி கை கழுவிக்கொண்டிருந்தாள். கழுவி முடித்த பிறகும் குழாயை மூடாமல் நின்றாள்.

"ஷூ கம்பெனில என் சீட்டு இன்னும் காலியாத்தான் இருக்குதாம்ணா. நேத்து போன் பண்ணாங்க."

குடியாத்தத்துக்கு நான் செய்த நல்லது

அந்த வாரமே குடியாத்தத்திலிருந்து லோகநாதன் அண்ணன் கூப்பிட்டார். லுங்கி நெய்கிற குடும்பம். பவர்லூம் உதிரிபாகம் கடைய வீட்டுக்குப் பின்னால் ஒரு சின்ன லேத் வைத்திருக்கிறார். ஒரு மாதம் முன்பு நான் அங்கே போயிருந்தபோது, வைப்பருக்குப் பதிலாக லுங்கித் துணியை நாலாக மடித்துக் கட்டியிருந்ததைப் பார்த்துச் சிரித்திருந்தேன். இது மெஷினா, துணி காயப்போடுகிற கொடியா என்று கிண்டல் செய்து, என் பையிலிருந்த ஆம்பூர்த் தோலை வெட்டி மாட்டிவிட்டு வந்திருந்தேன்.

போய்ப் பார்த்தால் அதே துருக்கோடு. அதே அகலம், அதே சிவப்பு, சாடில் நிற்கிற அதே இடம். நான் பழக்கதோஷத்தில் மழை என்று ஆரம்பித்தேன். வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. டேனரிக் காற்று என்று சொல்லலாம் என்றால் அங்கே சுற்றிலும் தறிதான். தேவகியின் அஜாக்கிரதை என்று சொல்லலாம் என்றால் தேவகி ஆம்பூரில் இருக்கிறாள். என்னிடம் இருந்த காரணமெல்லாம் காலி. லோகநாதன் அண்ணன் நான் முடிக்கிற வரைக்கும் பொறுமையாகக் கேட்டார்.

"லுங்கித் துணி கட்டியிருந்த வரைக்கும் ஒரு பொட்டுத் துரு இல்லப்பா. நீ வந்துட்டுப் போன அப்பறம்தான் வந்துது. நீ இன்னா வெச்சிட்டுப் போன, அத மொதல்ல சொல்லு."

இரண்டு ஆணி

குடியாத்தத்திலிருந்து நேராக ஆம்பூர் பஸ் ஏறினேன். வழியெல்லாம் சன்னலோரம் உட்கார்ந்து, வேறு ஏதாவது காரணம் கிடைக்காதா என்று தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை. தேவகியிடம் போய், அந்தத் தோல் வைப்பர்மேல் எனக்குக் கொஞ்சம் சந்தேகமாக இருக்கிறது என்று இழுத்தேன். அவள் தன் டூல் டிராயரைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் மூடியை எடுத்து வைத்தாள். அதில் இரண்டு ஆணி. ஒன்றை நான் வெட்டிப் போட்ட தோலிலும், ஒன்றைச் சின்ன லேத்தின் பழைய கம்பளியிலும் சுற்றி, இரண்டின் மேலும் ஒவ்வொரு சொட்டுத் தண்ணீர் விட்டு மூன்று நாள் வைத்துப் பார்த்திருக்கிறாள். கம்பளியில் இருந்த ஆணி லேசாக மங்கியிருந்தது, அவ்வளவுதான். தோலில் இருந்தது செங்கல் நிறத்தில் உரிந்து வந்தது. எப்போது செய்தாய் என்றேன். இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது என்றாள்.

அப்புறம் மிச்சத்தையும் சொன்னாள். நான் திட்டிவிட்டுப் போனதிலிருந்து, ஒவ்வொரு திங்கட்கிழமையும் அரை மணி நேரம் முன்னால் வந்து, துருக்கோட்டை எமரி தாளால் தேய்த்துப் போக்கியிருக்கிறாள். அந்தப் பளபளப்பைத்தான் நான் பார்த்துப் பூரித்துப் போயிருந்தேன். எமரி தாளிலிருந்து உதிர்கிற பொடி இரும்பையே அரைக்கிற பொடி. தோல் அதை வாங்கி வைத்துக்கொண்டு, சாடில் நகரும்போதெல்லாம் அடியில் தள்ளி, வாரம் முழுக்க அரைத்திருக்கிறது. என் வாய் வழக்கம்போலத் திறந்தது. முதல் சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அவள் கண்ணை மூடிக்கொண்டு தோளைக் குறுக்கினாள், அடி விழப்போகிற மாதிரி. அதைப் பார்த்ததும் எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பதினெட்டு வருஷத்தில் எத்தனை பட்டறையில் எத்தனை பேர் இப்படிக் குறுக்கிக்கொண்டு நின்றிருப்பார்கள், நான் மெஷினையே பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன். ஏம்மா என்னிடம் சொல்லவில்லை என்று மட்டும் கேட்டேன்.

"துரு தெரிஞ்சா திட்டுவீங்கன்னு தேச்சேண்ணா. உங்க தோலாலதான் துருன்னு சொன்னா இன்னும் ஜாஸ்தி திட்டுவீங்கன்னு சொல்லல."

பாயிடம் ஒப்புக்கொண்டது

அன்றைக்கே பாயை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். தோலை வைத்தது நான், துரு வந்தது என்னால், தேவகியைத் தேய்க்க வைத்தது என் வாய், மெஷின் தேய்ந்தது அதனால். இந்த வேலையை நானே சரிசெய்து தருகிறேன், எனக்கு ஒன்றும் வேண்டாம், தேவகியை ஒரு சொல் சொல்லாதீர்கள் என்றேன்.

பாய் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார். கோபப்படவில்லை. அவருடைய அப்பா டேனரியில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர்; இவர் தோல் வாடையிலேயே வளர்ந்தவர். நான் தோலை மாட்டிய அன்று அவர் தாடியைத் தடவிக்கொண்டு நின்றதற்கு அப்போதுதான் எனக்கு அர்த்தம் கிடைத்தது.

"தோலு பதமாவறதே உப்புலயும் ஆசிட்லயும்தான். எங்க அப்பாஜான் சவரக் கத்தியகூட தோல் உறைல வெக்க வுடமாட்டாரு. எனக்கு அன்னிக்கே ஒரு மாதிரிதான் இருந்துது. மெக்கானிக்கு நீ, உனக்குத் தெரியாதான்னு சும்மா இருந்துட்டேன் தோஸ்த்."

ஒன்பது நாள் சுரண்டல்

சாடிலைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவினோம். அடியில் இருந்து வந்த சாந்தைப் பார்த்தால் அம்மியில் அரைத்த மாதிரி இருந்தது. இதற்கு அப்புறம் செய்கிற வேலைக்குப் பெயர் ஸ்கிராப்பிங். நேர்மட்டமான இரும்புச் சட்டத்தில் நீல மையை மெல்லிசாகத் தடவி, சாடிலின் அடியில் வைத்துத் தேய்த்து எடுத்தால், மேடாக இருக்கிற இடத்தில் மட்டும் நீலம் ஒட்டும். அந்த மேட்டைச் சுரண்டுகிற உளியால் தூசி அளவுக்கு எடுக்க வேண்டும். மறுபடி மை, மறுபடி தேய், மறுபடி சுரண்டு. அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கிற நீலப் புள்ளி பரப்பு முழுக்கப் பூத்து வருகிற வரைக்கும் இதே வேலை. பெட்டிலும் சக் பக்கம் இப்படியே செய்ய வேண்டும். முதுகு போய்விடும்.

என் சுரண்டும் உளியை நான் யாரிடமும் கொடுத்தது கிடையாது. மூன்றாவது நாள் கை மரத்துப்போய்த் தேவகியிடம் கொடுத்தேன். கொடுத்துவிட்டு, பார்த்து, பார்த்து என்று பத்துத் தடவை சொன்னேன். அவள் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள், நான் போய் டீ சொல்லிவிட்டு வந்தேன். திரும்பி வந்தபோது நான் சுரண்டிய பக்கமும் அவள் சுரண்டிய பக்கமும் அடுத்தடுத்து இருந்தன. அவள் பக்கத்தில் புள்ளி நெருக்கமாக விழுந்திருந்தது. ஒன்பது வருஷம் விளிம்போரமாகவே ஊசி ஓட்டிய கை, அளவு மீறாது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வேலை முடிந்துவிடும் என்று முதல் முறையாக நம்பிக்கை வந்தது அப்போதுதான். அவள் குனிந்தபடியே சொன்னாள்:

"ஷூல ஒரு தையல் தப்புனா பிரிச்சித் தைக்கலாம்ணா. இதுல எடுத்தா எடுத்ததுதான். அதான் மூச்சுகூட விடாம பண்றேன்."

அளவு எடுத்த நாள்

ஒன்பதாவது நாள் சாடிலை ஏற்றி, கிப் பட்டையை விரலால் தள்ளினால் நகருகிற அளவுக்கு மட்டும் நெருக்கி, சென்னையிலிருந்து நானே போய் வாங்கி வந்த கம்பளியை மாட்டினேன். தேவகி ஐந்து ஷாஃப்டையும் புதிதாகக் கடைந்தாள். தவணை முடிய இரண்டு நாள் இருக்கும்போது டேனரி எஞ்சினியர் மைக்ரோமீட்டரோடு பட்டறைக்கே வந்துவிட்டார். ஒவ்வொரு ஷாஃப்டிலும் ஐந்து இடத்தில் அளந்து, முகத்தில் ஒன்றும் காட்டாமல் சின்னத் தாளில் எழுதிக்கொண்டே போனார். நாலு முடிந்தது. ஐந்தாவதில் ஒரே இடத்தை மூன்று தடவை அளந்தார். தேவகியின் கை துணியைப் பிசைந்துகொண்டே இருந்தது. நான் சுவரில் இருந்த காலண்டரைப் படித்துக்கொண்டிருந்தேன், என்ன மாதம் என்றுகூடத் தெரியவில்லை.

நாலு சரி, ஐந்தாவதில் ஒரு முனையில் மட்டும் கொஞ்சம் கூடுதல், அதை ஒரு சீவு சீவிக் கொடுத்துவிடுங்கள் என்றார். வருஷ வேலையை இங்கேயே அனுப்புகிறேன் என்று சொல்லிக் கைகொடுத்தார், முதலில் தேவகிக்கு. தேவகி உடனே ஐந்தாவது ஷாஃப்டைத் தூக்கி மாட்டி மெஷினை ஓட்டினாள். அப்போது பார்த்துப் பாயின் போன் அடித்தது. குடோன்காரர். பாய் போனைக் காதில் வைக்காமல், லேத்தின் பக்கம் நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு காதில் வைத்தார்.

"கேட்டுதா ஜனாப்? எடம் காலி இல்ல. உள்ள மெஷின் ஓடிக்கினு இருக்குது."

ஒரு திங்கட்கிழமை

இரண்டு மாதம் ஆகிறது. வேலை வந்துகொண்டிருக்கிறது. மற்ற பட்டறைகளில் என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்துகிறவர்கள் இன்னும் நிறுத்துகிறார்கள். பதினெட்டு வருஷப் பெயர் இரண்டு மாதத்தில் போகாது. ஆனாலும் குடியாத்தத்தில் லோகநாதன் அண்ணன் என் கண் முன்னாலேயே தோலைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, மறுபடி லுங்கித் துணியைக் கட்டினார். துணி நூல் விடும், தூளைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அதனால் வாரம் ஒருமுறை மாற்றுங்கள் என்று மட்டும் பணிவாகச் சொல்லிவிட்டு, கம்பளித் துண்டு ஒன்றையும் கையில் கொடுத்துவிட்டு வந்தேன். நான் சத்தம் போடாததைப் பார்த்து அவர் என் உடம்புக்கு ஏதாவதா என்று விசாரித்தார்.

போன திங்கட்கிழமை காலை, நான் பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது போன். தேவகி. ஞாயிற்றுக்கிழமை அடித்த மழையில் கூரை ஒழுகி, இரும்பின் மறுமுனையைத் தாங்குகிற டெயில் ஸ்டாக்குக்குப் பக்கத்தில் பெட்டில் தண்ணீர் நின்றுவிட்டதாம். வாயில் நுரையோடு நின்ற எனக்குத் திட்டத் தோன்றவில்லை. அவள் குரலில் பயம் இருக்கிறதா என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தேன். இல்லை.

"கொஞ்சமா துரு புட்ச்சிருக்குதுண்ணா. நான் எதுவும் தேய்க்கல, தொடைக்கல, அப்டியே வுட்டு வெச்சிருக்கேன். திட்றதுன்னா இப்பவே திட்டிட்டு, டிபன் சாப்ட்டு மெதுவா வாங்க, சேந்து பாக்கலாம்."

சாடில், கிராஸ் ஸ்லைடு, அதன் மேல் இருக்கிற சின்ன ஸ்லைடு, டெயில் ஸ்டாக் என்று லேத்தில் பதமாக வைத்துக்கொள்ள வேண்டிய நகரும் பாகம் நாலு என்றுதான் இத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன், இப்போதெல்லாம் மெக்கானிக்கின் வாயையும் சேர்த்து ஐந்து என்று சொல்லுகிறேன்.